தெய்வானையின் மூக்கும் இருபத்து மூன்று தொட்டில்களும்

தெய்வானையின் மூக்கு பொல்லாத மூக்கு. மலாக்கா நகரத்துக் காஜா பேராங்கில் எந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்று தெருவில் நின்றபடியே சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டு ருக்மணியின் அம்மா இறால் விழுதான பிளாச்சானை அடுப்பில் வாட்டத் தொடங்கினால், இங்கே இவள் கணக்குப் போடும் கை நின்றுவிடும். கச்சாங் பூத்தே விற்பவர் கடலைத் தட்டைத் தலையில் சுமந்துகொண்டு மூன்று தெரு தள்ளி வரும்போதே, "தம்பி, வராரு!" என்பாள். ஐந்து வயதுத் தம்பி வைரவன் காசுக்காக அம்மாவிடம் ஓடுவான்.

"இவளைப் போலீசுல சேர்த்துடலாம். மோப்ப நாய்க்குப் போடுற சோறு மிச்சம்" என்பார் அப்பா தேவதாஸ்.

அந்த மூக்குதான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அம்மன் சந்நிதியில், குடும்பத்தையே வம்பில் மாட்டிவிட்டது. ஆனால் மூக்கைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒரு வருடம் ஆகியிருந்த நேரம். தெய்வானையின் அம்மா கமலவேணி பல வருடமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர். தரை துடைப்பார், துணி அலசுவார். பிரசவ வார்டில் நர்ஸ் மிஸ்ஸிகள் செய்வதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். பிறகு ஒரு நாள், "நானும் படிக்கிறேன்" என்று பிடிவாதமாகக் கிளம்பினார். இரண்டு வருடம் படித்து மருத்துவச்சி பரீட்சையில் தேறியும் விட்டார். அந்தச் சான்றிதழ் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. முருகனுக்கு ஊதுபத்தி காட்டும்போது அப்பா அதற்கும் சேர்த்து ஒரு சுற்றுக் காட்டுவார்.

அப்புறம்தான் அரசாங்கக் கடிதம் வந்தது. ஜாசினுக்கு அப்பால் பாடாங் கெலாடி என்ற ஊரில் புதிதாக ஒரு பிரசவ நிலையம் கட்டியிருக்கிறார்கள். மருத்துவச்சி குடியிருக்க அதோடு சேர்ந்த வீடும் உண்டு. அங்கே வேலைக்குப் போகச் சம்மதமா? மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். சம்மதமில்லை என்றால் மலாக்காவில் இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு வருடமோ, மூன்று வருடமோ. அதுவரைக்கும் பழையபடி தரை துடைக்கலாம்.

அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தார். மறுபடியும் பிரித்துப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா சொல்லாததை எல்லாம் கருணாகரன் மாமா சொன்னார். மாமா அம்மாவுக்குத் தம்பி. பண்டார் ஹிலிரில் ஒரு புடவைக் கடையில் வேலை. உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பாடாங் கெலாடியா? ஐயோ அக்கா, அது முடிஞ்சு போன ஊரு! வெள்ளைக்காரத் துரை ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு துண்டா வித்துட்டுக் கப்பல் ஏறிட்டாரு. பாதிப் பேருக்கு வேலை இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியையும் மூடிட்டாங்க. எல்லாரும் மூட்டை கட்டிக்கிட்டு வெளிய வர்ற ஊருக்கு, நீ மட்டும் மூட்டை கட்டிக்கிட்டு உள்ள போறியா?"

அப்பா தலையைச் சொறிந்தார். அவர் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் சைக்கிள் கடையில் பழுது பார்ப்பவர். "எனக்கு அங்கே என்ன வேலை இருக்கும், கமலா?" என்றார்.

"மாமா, அந்த ஊரை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள் தெய்வானை.

"பார்க்கணுமா என்ன? கடைக்கு வர்றவங்க சொல்றாங்கல்ல!"

"அங்க கச்சாங் பூத்தே கிடைக்குமா?" என்று கேட்டான் வைரவன். யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அதனால் அவன் மிகவும் கவலைப்பட்டான்.

உண்மையைச் சொன்னால், தெய்வானைக்கும் போகப் பிடிக்கவில்லை. துளிகூடப் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் அவள் ஆறாம் வகுப்பு. ருக்மணியை விட்டுவிட்டு எப்படிப் போவது? ருக்மணி மலாக்கா செட்டி வீட்டுப் பெண்; பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு இருக்கும்; வாயில் மலாய்தான் வரும். நடுவில் இரண்டு மூன்று தமிழ்ச் சொல் எட்டிப் பார்க்கும். தினமும் சாயங்காலம் இருவரும் ருக்மணி வீட்டுப் படியில் உட்கார்ந்து செரம்பான் ஆடுவார்கள். புளியங்கொட்டை அடைத்துத் தைத்த ஐந்து சின்னத் துணிப்பைகள். ஒன்றை மேலே எறிந்து, அது விழுவதற்குள் மற்றதை அள்ள வேண்டும். ருக்மணியை ஜெயிக்க அந்தத் தெருவில் தெய்வானையை விட்டால் ஆள் இல்லை.

"நான் போகவே மாட்டேன்" என்று ருக்மணியிடம் சொன்னாள் தெய்வானை.

"போகாதே" என்றாள் ருக்மணி மலாயில். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இருவரும் விளையாடப் போய்விட்டார்கள்.

ஆனால் வீட்டில் பேச்சு முடியவில்லை. நாள்கள் ஓடின. மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கடைசியில் மாமா ஒரு வழி சொன்னார்.

"கோயில்ல பூக்கட்டிப் பார்த்துடலாம். அம்மன் என்ன சொல்றாளோ அதுதான் முடிவு. அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"சரி" என்றார் அப்பா. "சரி" என்றார் அம்மா, மெல்ல.

பூக்கட்டிப் பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓர் இலையில் வெள்ளைப் பூ, இன்னோர் இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். கபடம் தெரியாத ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

வைரவனைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார்கள். அவன் இரண்டையும் சேர்த்து அள்ளிவிட்டான். "ரெண்டுல ஒண்ணுதான்டா!" என்றதும் ஒரேயடியாக அழத் தொடங்கினான். ஆகவே, பொட்டலங்களை மறுபடி இடம் மாற்றி வைத்துவிட்டு, "தெய்வானை, நீ வாம்மா" என்றார் பூசாரி சுப்பையன்.

எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். தெய்வானையும் கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து, கையை நீட்டினாள்.

அப்போதுதான் வந்தது வாசனை.

இடது பக்கப் பொட்டலத்திலிருந்து கம்மென்று மல்லிகை வாசனை! வழக்கமாகச் சுப்பையன் வெள்ளைக்கு நந்தியாவட்டைதான் வைப்பார். அன்றைக்கு அது கிடைக்காமல் நாலு மல்லிகையை வைத்துக் கட்டிவிட்டார். சிவப்புக்குச் செம்பருத்தி. செம்பருத்திக்கு ஏது வாசனை? மற்றவர்களுக்குச் சாம்பிராணிப் புகையில் ஒன்றும் தெரியவில்லை. தெய்வானையின் மூக்குக்குச் சாம்பிராணி ஒரு பொருட்டே இல்லை.

இடது பக்கம் வெள்ளை. வலது பக்கம் சிவப்பு. வலது பக்கத்தை எடுத்தால் போதும், காஜா பேராங்கை விட்டுப் போக வேண்டாம். ஆறாம் வகுப்பு இங்கேயே. ருக்மணி வீட்டுப் படி இங்கேயே.

அவள் கை வலது பக்கம் போனது. விரல் இலையைத் தொட்டுவிட்டது.

ஒரே ஒரு தரம் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. உதடுகள் அசைந்தன. கும்பிட்ட கைகளுக்கு நடுவே அந்தக் கடிதம் கசங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் போக ஆசை என்பது அந்த நிமிடத்தில்தான் தெய்வானைக்குத் தெரிந்தது. எவ்வளவு ஆசை என்றும் தெரிந்தது. இந்தப் பொட்டலத்தில் சிவப்பு வந்தால், அம்மன் சொல்லிவிட்டாள் என்று கடிதத்தை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டுவிடுவார். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போட்டுவிடுவார்.

தெய்வானை கையை எடுத்துவிட்டாள்.

"என்னால முடியாது. எது எதுன்னு எனக்குத் தெரியுது" என்றாள்.

"என்னது?" எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள்.

"இது மல்லி. இது செம்பருத்தி. வாசம் வருது."

சுப்பையன் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அவர் வாயைப் பிளந்தார்.

"அபச்சாரம்! அம்மன் சந்நிதியில மோப்பம் பிடிக்கலாமா?" என்று குதித்தார் மாமா.

"மூச்சு விடாம எப்படி மாமா பூ எடுக்கிறது?" என்றாள் தெய்வானை. அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா அவளைத் தனியே அழைத்துப் போனார்.

"எதை எடுக்கப் போனே? உண்மையைச் சொல்லு."

"சிவப்பை."

"அப்புறம் ஏன் எடுக்கலை?"

"அம்மன் சொன்னதா நீங்க நெனச்சிருப்பீங்க. சொன்னது நான்தானேம்மா?" தெய்வானையின் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குரல் உறுதியாகவே இருந்தது. "அம்மா, பார்க்காத ஊரை எப்படி வேணாம்னு சொல்றது? முதல்ல எல்லாரும் போய்ப் பார்க்கலாம். பார்த்துட்டு அப்புறம் வேணாம்னு சொல்றேன்."

அம்மா அவளையே பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை ஜாசின் பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

* * *

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஐந்து பேரும் கிளம்பினார்கள். ஆமாம், மாமாவும்தான். "நான் சொன்னது சரின்னு நீங்க பார்க்கும்போது நான் பக்கத்துல இருக்க வேணாமா?" என்று அவரும் ஏறிக்கொண்டார்.

ஜாசின் வரைக்கும் ஒரு பஸ். அங்கிருந்து ஒரு குட்டி பஸ். அது ரப்பர் பால்மரக் காடுகளுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போய், ஒரு செம்மண் சாலை முனையில் இவர்களை இறக்கிவிட்டது. வைரவனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. மாமாவுக்கும்தான். ஆனால் அவர் வெளியே சொல்லவில்லை.

மாமா சொன்னது பொய் இல்லை. பாடாங் கெலாடியில் ஒரே ஒரு கடைத்தெரு. பதினொரு கடைகள். அதில் ஒன்பது பூட்டிக் கிடந்தன. ஒரு கடையின் பலகையில் போன வருடத்து மெர்டேக்காக் கொடி வெளுத்துத் தொங்கியது.

"எண்ணிக்கோங்க! ஒன்பது பூட்டு! நான் என்ன சொன்னேன்?" என்றார் மாமா. அவருக்கு ஏக குஷி.

திறந்திருந்த மளிகைக் கடையிலிருந்து ஏகாம்பரம் என்பவர் எட்டிப் பார்த்தார். "வாங்க, வாங்க! பசியாறிட்டீங்களா? உட்காருங்க, கோப்பி போடுறேன். யாராவது புதுசா வந்து இந்த பெஞ்சில உட்கார்ந்தே நாலு மாசமாச்சு."

அம்மா வந்த விஷயத்தைச் சொன்னதும் ஏகாம்பரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோப்பியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டார். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு முழித்தார்.

"பள்ளிக்கூடம் இருக்கா?" என்று கேட்டாள் தெய்வானை.

"இருக்கே! ஒரே வாத்தியார். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு ஒரே ஒரு பையன். நீ வந்தா ரெண்டு பேரு. எப்படிப் படிச்சாலும் ரெண்டாவது இடம் உனக்கு உறுதி!"

"முதல் இடம் வேணும்னா?" என்றாள் தெய்வானை.

"அப்ப அந்தப் பையன்தான் பாவம்" என்று சிரித்தார் ஏகாம்பரம்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா சும்மா இருக்க மாட்டாமல் ஏகாம்பரத்தின் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, கழன்றிருந்த சங்கிலியை மாட்டத் தொடங்கினார். தெய்வானை தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் தெரிந்த தோட்டத்து லயங்களின் பக்கம் நடந்தாள். நீளநீளமான மூன்று வரிசை வீடுகள். தகரக்கூரை. சில வீடுகளில் ஆள் இல்லை. கதவுகூட இல்லை. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மாமா சொன்னது சரிதானோ?

கிரீச்... கிரீச்... கிரீச்...

தெய்வானை நின்றாள். இந்தத் தடவை வேலை மூக்குக்கு இல்லை, காதுக்கு.

முதல் வீட்டுக்குள் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கூரைச் சட்டத்திலிருந்து ஒரு சுருள் கம்பி. அதில் கட்டிய ஒரு சாரோங். சாரோங்குக்குள்ளிருந்து ஒரு குட்டிப் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வீடு தள்ளி இன்னொரு கிரீச். அதற்குப் பக்கத்தில் ஒன்று. அதோ, எதிர் வரிசையில் இரண்டு!

பஸ்ஸில் வீட்டுக்கணக்குப் போடலாம் என்று கொண்டுவந்திருந்த கணக்கு நோட்டைத் தெய்வானை பையிலிருந்து எடுத்தாள்.

"தம்பி, வா. எண்ணலாம்."

"ஒம்போது, பத்து, பதினொண்ணு, பதினாலு..." என்று எண்ணினான் வைரவன்.

"பன்னெண்டுடா!"

மூன்று வரிசையும் நடந்து முடித்தார்கள். இருபத்து மூன்று தொட்டில்கள். தெய்வானை ஒரு தரம் திரும்பப் போய்ச் சரிபார்த்தாள். இருபத்து மூன்றேதான்.

லயத்தின் கடைசியில் அந்தப் புதுப் பிரசவ நிலையம் நின்றது. புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. கதவில் பெரிய பூட்டு. முற்றத்தில் இடுப்பளவு புல். வாசலில் ஓர் ஆடு சொந்த வீடு போலப் படுத்திருந்தது. படியில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். வயிறு பெரிதாக இருந்தது.

அதற்குள் அம்மாவும் மற்றவர்களும் அங்கே வந்துவிட்டார்கள். அந்தப் பெண் மெல்ல எழுந்தாள்.

"நீங்கதான் புது மருத்துவச்சி அம்மாவா?"

அம்மா அவள் பக்கத்தில் போனார். "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"ஜெயா. தினமும் இந்தப் பக்கம் வந்து பூட்டைப் பார்த்துட்டுப் போவேன்."

"தனியா வந்து படியில உட்காரலாமா? வீட்டுல பயப்பட மாட்டாங்களா?"

"பயந்தாங்க. இப்பப் பழகிடுச்சு. எங்க அக்காவுக்குப் போன வருஷம் வலி வந்தப்போ ஜாசின் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸிலதான் கிளம்பினோம். பாதி வழியில பஸ்ஸுக்குள்ளயே பிறந்துட்டான். டிரைவர் பயந்துபோய் ஆர்ன் அடிச்சுக்கிட்டே நின்னாரு." அவள் சிரித்தாள். பக்கத்தில் தவழ்ந்து வந்த ஒரு குண்டுக் குழந்தையைக் காட்டினாள். "இவன்தான். பேரு கலியாணசுந்தரம். ஆனா ஊருல எல்லாரும் 'பஸ்ஸு'ன்னுதான் கூப்பிடுறாங்க."

"பஸ்ஸு! பஸ்ஸு!" என்று வைரவன் கை தட்டினான். குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜெயாவை உட்கார வைத்து, வயிற்றில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தடவிப் பார்த்தார். தெய்வானை அம்மாவை வேலையில் பார்த்ததே இல்லை. அம்மாவின் கை அவ்வளவு நிதானமாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"தலை கீழேதான் இருக்கு. நல்லா இருக்கு. இன்னும் ஒன்றரை மாசம் ஆகும்" என்றார் அம்மா.

ஜெயா அம்மாவின் கையை விடவில்லை. "அதுக்குள்ள வந்துடுவீங்களாம்மா?"

* * *

திரும்பும் பஸ்ஸில் மாமாதான் முதலில் பேசினார். "பார்த்தாச்சுல்ல? பதினொரு கடையில ஒன்பது பூட்டு. நான் எண்ணினேன்."

"நானும் எண்ணினேன், மாமா" என்று நோட்டை நீட்டினாள் தெய்வானை. "இருபத்து மூணு தொட்டில். எல்லாம் ஆடிக்கிட்டு இருக்கு. ஊரு முடிஞ்சு போச்சுன்னா தொட்டில் ஏன் மாமா ஆடுது?"

மாமா நோட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருந்தது. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

அப்பாவின் மடியில் ஒரு சாக்கு இருந்தது. சங்கிலி மாட்டியதற்கு ஏகாம்பரம் கொடுத்த மரவள்ளிக் கிழங்கு. "ஏழு சைக்கிளைப் பார்த்தேன். ஏழும் கடகடன்னு ஆடுது. பழுது பார்க்க ஆள் இல்லையாம்" என்றார் அப்பா. "ஆனா காசு தர மாட்டாங்க, கமலா. கிழங்குதான் தருவாங்க."

"என் சம்பளம் வரும்ல? அதுல சாப்பிட உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்குமா?"

அப்பா யோசித்தார். "இருக்கும். பழகிக்கிறேன்" என்றார். பிறகு, "கிழங்கு எனக்குப் பிடிக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அம்மா தெய்வானையின் பக்கம் திரும்பினார். "பார்த்துட்டு வேணாம்னு சொல்றேன்னியே. இப்பச் சொல்லு. நீ வேணாம்னா நான் வருத்தப்பட மாட்டேன்."

அது பொய் என்று தெய்வானைக்குத் தெரியும். ருக்மணி வீட்டுப் படி ஞாபகத்துக்கு வந்தது. பிளாச்சான் வாசனைகூட ஞாபகத்துக்கு வந்தது.

"எனக்கு காஜா பேராங்கை விட்டுப் போகப் பிடிக்கலைம்மா."

"சரி."

"ஆனா போகலாம்."

"பிடிக்கலை, ஆனா போகலாமா? ரெண்டுல எது?"

"ரெண்டும்தான்" என்றாள் தெய்வானை. "ஜெயா அக்கா பாப்பா லோரியில பிறந்து, அதுக்கு லோரின்னு பேரு வரக் கூடாதும்மா."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அம்மா அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பஸ் அப்படிக் குலுங்கிக்கொண்டிருந்தது.

* * *

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார்கள். அவர்களைக் கண்டதும் சுப்பையன் உற்சாகமாக இரண்டு பொட்டலங்களைத் தூக்கிக் காட்டினார்.

"வா, தெய்வானை! இந்தத் தடவை ரெண்டு இலையிலயும் மல்லியைக் கசக்கித் தடவிட்டேன். இப்ப உன் மூக்கு என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்!"

"வேண்டாம், ஐயா. நாங்க கேட்க வரலை. சொல்லிட்டுப் போக வந்தோம்" என்றாள் தெய்வானை.

அம்மா கையெழுத்திட்ட பதில் கடிதத்தை அம்மன் காலடியில் வைத்து எடுத்தார். சுப்பையன் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். "அப்ப இதை என்ன பண்றது?"

தெய்வானை இரண்டையும் வாங்கிப் பிரித்தாள். செம்பருத்தியை அம்மனுக்கு வைத்தாள். மல்லிகையை எடுத்து அம்மாவின் கொண்டையில் செருகினாள்.

ருக்மணியிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ருக்மணி அழவில்லை. கோபமாக உள்ளே போனாள். செரம்பான் பைகளோடு திரும்பி வந்தாள். ஐந்தையும் படியில் வைத்து, மூன்றைத் தெய்வானையின் பக்கம் தள்ளினாள். இரண்டைத் தன் மடியில் கட்டிக்கொண்டாள்.

"மூணை வச்சு எப்படி ஆடுறது?" என்று கேட்டாள் தெய்வானை.

"ஆட முடியாது. என்னாலும் ரெண்டை வச்சு ஆட முடியாது" என்றாள் ருக்மணி மலாயில். "அதனால லீவு விட்டதும் நீ வரணும். ஜாங்கான் லூப்பா!"

"மறக்க மாட்டேன்" என்றாள் தெய்வானை தமிழில். ருக்மணிக்கு அது புரிந்தது.

பாடாங் கெலாடிக்கு லோரியில் சாமான் ஏற்றி வந்தது கருணாகரன் மாமாதான். ஆட்டை வாசலிலிருந்து விரட்டியதும் மாமாதான். போகும்போது, "இந்த ஊருல ஒரு நல்ல புடவைக் கடை இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். பாடாங் கெலாடிக்கு அவர் கண்டுபிடித்த புதுக் குறை அது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலை நேரம். ஜெயா வந்தாள். அம்மா கையைக் கழுவிக்கொண்டு, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். தெய்வானை பள்ளிக்கூடம் போகும் உடையோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவளை அங்கிருந்து யாராலும் கிளப்ப முடியவில்லை. முற்றத்தில் அப்பா ஒரு சைக்கிளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு, ஒரே திருகாணியை அரை மணி நேரமாக முறுக்கிக்கொண்டிருந்தார். ஜெயாவின் புருஷன் ஆடு படுத்திருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

வெயில் ஏறியது. உள்ளே அம்மாவின் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு, வீல் என்று ஒரு சத்தம்!

அப்பாவின் கையிலிருந்து திருகாணி விழுந்தது. கதவு திறந்தது. அம்மா வியர்த்த முகத்தோடு நின்றார். "பொம்பளைப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார்.

"பாப்பா பேரு என்ன? லோரியா?" என்று ஓடி வந்தான் வைரவன்.

"இல்லடா. இவ கட்டில்ல பிறந்தவ" என்றாள் தெய்வானை. "நல்ல பேராத்தான் வைப்பாங்க."

அவள் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தாள். இருபத்து மூன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருபத்து நான்கு என்று எழுதினாள்.